தீக்காயம் ஆற ஹார்மோன் மருந்து: சோதனைகள் எப்படி நடக்கின்றன? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

உடலில் பெரும்பகுதி வெந்துபோனவருக்குப் புண் சீக்கிரம் ஆற ஹார்மோன் கொடுக்கலாமா என்ற கேள்விக்கு நாற்பது ஆண்டு ஆராய்ச்சி இருக்கிறது. அதில் பெரும்பங்கு அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலம் கால்வெஸ்டனில் உள்ள ஷ்ரைனர்ஸ் குழந்தைகள் மருத்துவமனையில், டேவிட் ஹெர்ண்டன் தலைமையில் நடந்தது. நோயாளியின் வீட்டார், செவிலியர், மருத்துவ மாணவர் ஆகியோர் கேட்கும் கேள்விகளுக்கான விடைகள் இங்கே.

தீக்காயத்துக்கும் ஹார்மோனுக்கும் என்ன சம்பந்தம்?

சின்னத் தீக்காயம் தோலோடு போகும். பெரிய தீக்காயம் உடம்பு முழுவதையும் பிடித்துக்கொள்ளும். உடல் பரப்பில் 40 சதவீதத்துக்கு மேல் வெந்துவிட்டால் அட்ரினலின், கார்ட்டிசால், குளுக்ககான் மூன்றும் ரத்தத்தில் பல மடங்கு ஏறி, வாரக்கணக்கில் இறங்காமல் நிற்கும். நோயாளி படுக்கையைவிட்டு அசையாமல் கிடந்தாலும், உடம்பு செலவழிக்கும் சக்தி வழக்கத்தைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு வரை போகும். நாடி வேகமாக ஓடும், சர்க்கரை ஏறும், தசை கரையும். புண் மூடிய பிறகும் ஓர் ஆண்டுக்கு மேல் உடம்பு சக்தியை எரிக்கும் இந்த வேகம் முழுதாக அடங்குவதில்லை.

தசை கரைவதுதான் புண்ணுக்கு எதிரி. புதுத் தோல் கட்ட அமினோ அமிலம் வேண்டும்; உடம்போ அதே அமினோ அமிலத்தை எடுத்து எரித்துக்கொண்டிருக்கிறது. கொழுப்பைக் கழித்த உடல் எடையில் பத்தில் ஒரு பங்கு போனால் நோய் எதிர்ப்பு தளரும். ஐந்தில் ஒரு பங்கு போனால் புண் ஆறுவது மந்தமாகும். 30 சதவீதம் போனால் உட்காரக்கூடத் தெம்பிருக்காது. படுக்கைப்புண்ணும் நிமோனியாவும் வரும். 40-ஐ எட்டினால் பெரும்பாலும் உயிர் தங்காது.

ஆகவே, உடைக்கும் ஹார்மோன்கள் கை ஓங்கி நிற்கும்போது கட்டும் ஹார்மோன்களை வெளியிலிருந்து கொடுத்தால் தராசு திரும்புமா என்று பார்ப்பதே இந்தச் சோதனைகள் அனைத்தின் அடிப்படை.

எந்தெந்த ஹார்மோன்களைச் சோதித்திருக்கிறார்கள்?

முக்கியமாக மூன்று: வளர்ச்சி ஹார்மோன், இன்சுலின், டெஸ்டோஸ்டிரோனிலிருந்து செய்யப்பட்ட ஆக்சாண்ட்ரோலோன் மாத்திரை. வளர்ச்சி ஹார்மோன் தூண்ட, கல்லீரலில் சுரக்கும் ஐஜிஎஃப்-1 என்ற புரதத்தையும் தனியாகக் கொடுத்துப் பார்த்தார்கள்.

புரோப்ரனலால் ஹார்மோன் அல்ல, அட்ரினலினின் வேலையைத் தடுக்கும் மருந்து. ஆனாலும் அது இதே குடும்பத்துக் கதைதான். 2001-இல் வெளியான கால்வெஸ்டன் ஆய்வில், குழந்தைகளின் நாடித்துடிப்பை ஐந்தில் ஒரு பங்கு குறைக்கும் அளவுக்கு அதைக் கொடுத்தபோது தசைப் புரத இழப்பு தடுபட்டது. கட்டுவதைக் கூட்டுவது ஒரு வழி என்றால், உடைப்பதைக் குறைப்பது இன்னொரு வழி.

காயத்தை விட்டுவிட்டு, தோல் எடுத்த இடம் ஆறுவதை ஏன் அளக்கிறார்கள்?

இந்தத் துறையின் மிக நல்ல யோசனை இதுதான். கொஞ்சம் விரிவாகப் பார்ப்போம்.

ஒருவருடைய தீக்காயம் போல் இன்னொருவருடையது இருக்காது. கொதிநீர் பட்ட காயம் ஒரு விதம், தீப்பிடித்த சேலையால் வந்தது வேறு விதம். ஒரே கையில் அரை அங்குல தூரத்துக்குள் ஆழம் மாறும். போதாக்குறைக்கு, ஆழமான காயத்தை முதல் சில நாட்களிலேயே வெட்டி எடுத்துத் தோல் ஒட்டிவிடுகிறார்கள். பிறகு எது தானாக ஆறியது, எது ஒட்டினதால் மூடியது என்று பிரிக்க முடியாது.

ஒட்டுவதற்காகத் தொடையிலிருந்தோ தலையிலிருந்தோ தோல் சீவி எடுக்கும் இடம் அப்படியல்ல. அது சுத்தமான புண். என்றைக்கு, எத்தனை மணிக்கு உண்டானது என்று தெரியும். டெர்மடோம் என்ற சீவும் கருவியில் 0.25 மி.மீ. என்று வைத்தால் ஏறக்குறைய அந்த ஆழத்துக்குத்தான் எடுக்கும். நூறு நோயாளிகளிடம் ஒரே மாதிரிப் புண்ணை உண்டாக்க நெறியோடு வேறு வழியே இல்லை. இது சிகிச்சைக்காக எப்படியும் உண்டாகப் போகிற புண்.

நோயாளிக்கும் அதனால் நேரடி லாபம் உண்டு. 60 சதவீதம் வெந்தவரிடம் எடுக்கக்கூடிய நல்ல தோல் கொஞ்சமே மிஞ்சியிருக்கும். வலை போல் துளையிட்டு 1:3, 1:4 என்று விரித்து ஒட்டினாலும் ஒரே தடவையில் உடம்பு முழுவதும் மூடாது. ஒரு முறை எடுத்த இடம் ஆறின பிறகு அதே இடத்தில் மறுபடி எடுக்க வேண்டும். அந்த இடம் ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு நாள் முன்னதாக ஆறினால், நான்கு சுற்றுக்கு எட்டு நாள் மிச்சம். திறந்த புண்ணோடு கிடக்கும் எட்டு நாள் என்பது கிருமி உள்ளே போக எட்டு வாய்ப்பு.

தோல் எடுத்த இடத்தை அளப்பதில் என்ன தவறு நேரும்?

நிறைய. முதலாவது ஆழம். டெர்மடோமில் எண்ணை வைத்துவிட்டால் போதாது. அழுத்திப் பிடித்தாலோ கோணம் மாறினாலோ பிளேடு மழுங்கியிருந்தாலோ ஆழம் மாறிவிடும். 0.20 மி.மீ. எடுத்த இடத்தையும் 0.35 மி.மீ. எடுத்த இடத்தையும் ஒப்பிட்டால் ஹார்மோனின் பலன் தெரியாது, அறுவை மருத்துவரின் கைதான் தெரியும்.

இரண்டாவது இடம். தலைத் தோலில் மயிர்க்கால்கள் நெருக்கம். மேல்தோல் செல்கள் அவற்றிலிருந்துதான் முளைத்துப் பரவுகின்றன, அதனால் தலை ஒரு வாரத்துக்குள் ஆறிவிடும். தொடைக்குப் பத்துப் பதினான்கு நாள் ஆகும். ஆகவே அளக்கும் இடம் எது என்று முன்பே ஒன்றைத் தீர்மானித்துவிட வேண்டும். உதாரணமாக, முதல் அறுவையில் தொடையின் முன்புறம் எடுத்தது மட்டும்.

மூன்றாவது டிரெஸ்ஸிங். இரு குழுவுக்கும் ஒரே வகைக் கட்டு வேண்டும். ஆறிவிட்டதா என்று பார்க்கத் தினமும் பிரித்தால், ஒட்டியிருக்கும் புதுத் தோல் கட்டோடு உரிந்து வரும். அடிக்கடி பார்த்ததே புண்ணைத் தாமதப்படுத்திவிடும். நாலு நாளுக்கு ஒருமுறை பார்த்தாலோ, இரண்டு நாள் வித்தியாசம் அந்த இடைவெளியில் ஒளிந்துகொள்ளும். ஈரப்பசை தங்கும் ஒளி ஊடுருவும் கட்டைப் போட்டு, பிரிக்காமலே படம் எடுப்பது ஓரளவு உதவும். இல்லாவிட்டால் 6-ஆம் நாள்வரை தொடாமல் விட்டு, அதற்குப் பின் தினமும் பார்ப்பது.

நான்காவது, 'ஆறியது' என்பதற்கு என்ன பொருள்? பெரும்பாலும் 95 சதவீதப் பரப்பில் மேல்தோல் மூடினால் ஆறியதாகக் கொள்வார்கள். கண்ணால் பார்த்து 95 என்று சொல்வதில் ஆளுக்கு ஆள் வேறுபடும். அதனால் அளவுகோலோடு, ஒரே வெளிச்சத்தில், ஒரே தூரத்திலிருந்து எடுத்த படங்களை, யார் எந்த மருந்து பெற்றார் என்று தெரியாத இருவர் தனித்தனியே பார்க்க வேண்டும். இருவருக்கும் ஒத்துப்போகாவிட்டால் மூன்றாமவர்.

வளர்ச்சி ஹார்மோன் சோதனைகளில் என்ன கிடைத்தது?

1985-க்கு முன் இந்த ஹார்மோனை இறந்தவர்களின் மூளைக்கடியிலுள்ள பிட்யூட்டரியிலிருந்து எடுத்தார்கள். அதன் வழியே கொடிய மூளை நோய் பரவியது தெரியவந்து, அது நிறுத்தப்பட்டது. அதே ஆண்டில் மரபணு முறையில் செய்த ஹார்மோன் அனுமதி பெற்றது. தாராளமாகக் கிடைக்கத் தொடங்கிய பிறகுதான் தீக்காயத்தில் பெரிய அளவில் சோதிக்க முடிந்தது.

1990-இல் வெளியான கால்வெஸ்டன் சோதனையில், 40 சதவீதத்துக்கு மேல் வெந்த 40 குழந்தைகள் சேர்க்கப்பட்டார்கள். கிலோவுக்கு நாளொன்றுக்கு 0.2 மி.கி. பெற்றவர்களுக்குத் தோல் எடுத்த இடம் விரைவாக ஆறியது. மருத்துவமனையில் தங்கிய நாள், காயத்தின் ஒவ்வொரு சதவீதத்துக்கும் 0.80 நாளிலிருந்து 0.54 நாளாகக் குறைந்தது. 60 சதவீதக் காயம் என்று வைத்துக்கொண்டால் 48 நாள் 32 நாளாகிறது.

பிற்பாடு பல நாட்டு ஆய்வுகளைச் சேர்த்து அலசிய, காக்ரேன் என்ற ஆய்வுத் தொகுப்பு அமைப்பின் மறுஆய்வில், தோல் எடுத்த இடம் பெரியவர்களுக்குச் சராசரியாக மூன்று நாளும் குழந்தைகளுக்கு ஒன்றே முக்கால் நாளும் முன்னதாக ஆறியதாகக் கணக்கு வந்தது. கூடவே சர்க்கரை ஏறுவதும் அதிகம். அதில் சேர்ந்த ஆய்வுகள் பலவும் சிறியவை, யாருக்கு எந்த மருந்து என்ற மறைப்பு சரியாக இல்லாதவையும் உண்டு. ஆகவே அந்த நாள் கணக்கைக் கல்லில் எழுதியதாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

அப்படியானால் எல்லா மருத்துவமனையிலும் ஏன் கொடுப்பதில்லை?

1999-இல் நடந்ததைத் தெரிந்துகொள்ளாமல் இந்தத் துறையில் யாரும் அடியெடுத்து வைக்கக் கூடாது.

ஐரோப்பாவில் இரண்டு பெரிய சோதனைகள் இணையாக நடந்தன: பின்லாந்தில் ஒன்று, பல நாடுகளில் இன்னொன்று. இரண்டிலும் சேர்த்து ஐநூறுக்கு மேற்பட்ட பெரியவர்கள். இதய அறுவை, வயிற்று அறுவை, பெரும் விபத்து, மூச்சுத் திணறல் என்று தீவிர சிகிச்சைப் பிரிவில் பல நாள் கிடந்தவர்கள். அவர்களுக்கும் தசை கரைகிறது. ஆகவே வளர்ச்சி ஹார்மோன் நல்லது செய்யும் என்று நம்பித்தான் கொடுத்தார்கள். பின்லாந்து ஆய்வில் ஹார்மோன் பெற்றவர்களில் 39 சதவீதம் பேர் இறந்தார்கள், பெறாதவர்களில் 20 சதவீதம். மற்றதில் 44-க்கு 18. இரண்டிலுமே இறப்பு ஏறக்குறைய இரட்டிப்பு அல்லது அதற்கு மேல்.

அந்தச் சோதனைகளில் தீக்காயக்காரர்கள் சேர்க்கப்படவில்லை. தீக்காயக் குழந்தைகளின் பதிவுகளைக் கால்வெஸ்டனில் திரும்பப் பார்த்தபோது இறப்பு கூடியதாகத் தெரியவும் இல்லை. ஆனால் தீக்காயச் சோதனைகள் எல்லாம் சிறியவை. புண் இரண்டு நாள் முன்னதாக ஆறுவதைக் கண்டுபிடிக்கப் போதுமான ஆள் இருந்தது, இறப்பு கூடுகிறதா என்று பார்க்க இல்லை. புண் ஆறுவதை மட்டும் அளந்தால் நோயாளியைத் தவறவிட்டுவிடுவோம். வளர்ச்சி ஹார்மோன் மருந்துச் சீட்டில் இன்றும், இந்த வகைக் கடும் நோய் நிலையில் கொடுக்கக் கூடாது என்ற எச்சரிக்கை இருக்கிறது. பெரியவர்களுக்குத் தீவிர சிகிச்சைக் கட்டத்தில் வழக்கமான மருந்தாக இதைக் கொடுக்கக் கூடாது என்பதே எங்கள் கருத்து.

குழந்தைகளுக்கு வீடு திரும்பிய பிறகு கிலோவுக்கு 0.05, 0.1, 0.2 மி.கி. என்று ஓர் ஆண்டுவரை கொடுத்த கால்வெஸ்டன் ஆய்வு 2009-இல் வந்தது. அது புண்ணைப் பற்றியது அல்ல. தசை, எலும்பு, உயரம் பற்றியது.

ஆக்சாண்ட்ரோலோன் மாத்திரை எப்படி?

ஊசி வேண்டாம், விலை குறைவு, ஆண்மைப்படுத்தும் குணம் டெஸ்டோஸ்டிரோனைவிடக் குறைவு, சர்க்கரையை அவ்வளவாக ஏற்றாது. அதனால் நம்பிக்கை இதன்மேல் திரும்பியது. பெரியவர்களுக்கு 12 மணிக்கு ஒருமுறை 10 மி.கி.; குழந்தைகளுக்குக் கிலோவுக்கு 0.1 மி.கி. வீதம் அதே இடைவெளியில்.

அமெரிக்கத் தீக்காய மையங்கள் பல சேர்ந்து நடத்தி 2006-இல் வெளியிட்ட சோதனையில் 20 முதல் 60 சதவீதம் வெந்த 81 பேர். தங்கிய நாள் சராசரி 43.3-லிருந்து 31.6 ஆனது. இடைக்காலக் கணக்கிலேயே வேறுபாடு தெரிந்ததால், திட்டமிட்டதில் ஏறக்குறைய பாதிப் பேரோடு நிறுத்திவிட்டார்கள். இங்கே நின்று யோசிக்க வேண்டும். நல்ல செய்தி வந்த நேரம் பார்த்து நிறுத்தும் சோதனை, உண்மையான பலனைக் கூட்டிக் காட்டும் இயல்புடையது. தாயம் ஆடும்போது தொடர்ந்து நல்ல எண் விழுந்த நிமிடத்தில் ஆட்டத்தை முடித்துக் கணக்குப் பார்ப்பதைப்போல. பன்னிரண்டு நாள் என்ற முழு வேறுபாட்டை நம்புவதைவிட, பலன் உண்டு, அளவு அதைவிடக் குறைவாக இருக்கலாம் என்று கொள்வதே முறை.

தங்கிய நாளை அளப்பதிலேயே ஒரு பொறி உண்டு. ஐந்தாம் நாள் இறந்தவரும் 'ஐந்தே நாளில் வெளியேறியவர்' ஆகிவிடுவார். அதனால் இப்போது 'உயிரோடு வீடு திரும்பும் வரை ஆகும் காலம்' என்று அளக்கிறார்கள். குளுட்டமின் என்ற ஊட்டப்பொருளைச் சோதித்து 2022-இல் வெளியான ஆய்வு அப்படி அளந்தது. 1,200-க்கு மேற்பட்ட தீக்காய நோயாளிகள், பல நாடுகள். சிறிய ஆய்வுகள் பல ஆண்டுகளாகச் சொன்ன பலன் அதில் தென்படவில்லை. ஹார்மோன் அல்ல என்றாலும், ஹார்மோன் சோதிப்பவர்கள் மேசையில் ஒட்டிவைக்க வேண்டிய பாடம்.

அந்த மாத்திரை இப்போது கிடைக்குமா?

1964-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. 2023-இல் அந்த நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு அனுமதியை விலக்கிக்கொண்டது. கல்லீரலில் ரத்தம் தேங்கும் பைகள், கல்லீரல் கட்டி, ரத்தக் கொழுப்பு மாற்றம் ஆகிய அபாயங்கள் காரணமாகச் சொல்லப்பட்டன. தீக்காய மருத்துவர்களுக்கு இது இழப்புதான். அவர்கள் கொடுத்தது சில வாரங்களுக்கு, மருத்துவமனையில், ரத்தச் சோதனையோடு. ஆனால் ஒரு மருந்தின் அனுமதி ஒரு துறைக்காக மட்டும் நிற்பதில்லை.

இன்சுலின்?

சர்க்கரை ஏறினால் எப்படியும் கொடுக்கிறார்கள். 1998-இல் வந்த கால்வெஸ்டன் ஆய்வு ஒன்றில், ஏழு நாள் அதிக அளவு இன்சுலினோடு தேவையான குளுக்கோஸும் செலுத்தியபோது, தோல் எடுத்த இடம் 6.5 நாளுக்குப் பதில் 4.7 நாளில் ஆறியது. மிகச் சிறிய ஆய்வு. சர்க்கரை அதலபாதாளத்துக்குப் போகாமல் காப்பதற்கு ஓயாத காவல் வேண்டும். 2009-இல் 6,000 பேருக்கு மேல் சேர்த்த நைஸ்-ஷுகர் சோதனையில், சர்க்கரையை 81–108-க்குள் இறுக்கிப் பிடித்தவர்களில் 27.5 சதவீதம் இறந்தார்கள். 180-க்குக் கீழ் என்று விட்டவர்களில் 24.9. அவர்கள் தீவிர சிகிச்சை நோயாளிகள், தீக்காயத்துக்கு மட்டும் உரியவர்கள் அல்ல. இருந்தாலும் இறுக்கிப் பிடிப்பதன் விலை தெரிந்தது.

எத்தனை நோயாளிகள் இருந்தால் சோதனை நம்பத்தக்கது?

கேள்வியைப் பொறுத்தது. ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். தொடையில் தோல் எடுத்த இடம் ஆறச் சராசரி 13 நாள், விலக்கம் (ஆளுக்கு ஆள் சராசரியிலிருந்து விலகும் அளவு) 3 நாள் என்று வைத்துக்கொள்வோம். 2 நாள் வேறுபாட்டை 80 சதவீத வாய்ப்போடு கண்டுபிடிக்க வேண்டும், தற்செயலை மருந்தின் பலன் என்று எடுத்துக்கொள்ளும் தவறு 5 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். குழுவுக்கு 36 பேர். இடையில் விலகுவோர், இறப்போர் 15 சதவீதம் என்று சேர்த்தால் 43. ஆக 86 பேர்.

இறப்பு 20 சதவீதத்திலிருந்து 15 ஆகக் குறைகிறதா என்று கேட்டால்? குழுவுக்கு ஏறக்குறைய 900 பேர், மொத்தம் 1,800. எந்த ஒரு மருத்துவமனையும் தனியாக அத்தனை பேரைச் சேர்க்க முடியாது. 86 பேரை வைத்து 'இறப்பில் வேறுபாடு இல்லை' என்று எழுதினால், அதற்குப் பொருள் 'பார்க்கும் அளவுக்கு வெளிச்சம் இல்லை' என்பதுதான்.

நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரு குழுவாகப் பிரிக்கும்போது காயத்தின் பரப்பு, வயது, புகை உள்ளே போன நுரையீரல் காயம் ஆகிய மூன்றையும் பார்த்துப் பிரிக்க வேண்டும். இல்லாவிட்டால் 86 பேரில் பெருங்காயக்காரர்கள் ஒரு பக்கமாகச் சேர்ந்துவிட வாய்ப்பு அதிகம்.

யாருக்கு எந்த மருந்து என்பதை மறைக்க முடியுமா?

ஊசியையும் மாத்திரையையும் ஒரே மாதிரி செய்யலாம். ஆனால் வளர்ச்சி ஹார்மோன் பெறுபவருக்குச் சர்க்கரை ஏறும். இன்சுலினைக் கூட்டிக்கொண்டே போகும் செவிலியருக்கு இரண்டே நாளில் விளங்கிவிடும். அதனால் படுக்கையருகே வேலை செய்பவர் வேறு, புண்ணை மதிப்பிடுபவர் வேறு என்று பிரிக்க வேண்டும். மதிப்பிடுபவர் கண்ணில் சர்க்கரை அட்டவணை படக் கூடாது. அடுத்த அறுவைக்குத் தேதி குறிப்பவரும் அப்படியே. 'ஆறியிருக்கும்' என்ற நம்பிக்கையில் ஒரு குழுவை மட்டும் முன்னதாக அறுவைக்கு எடுத்துவிட்டால் கணக்கு கெட்டுவிடும்.

எப்போது தொடங்குவது? கொடுப்பதில் என்ன தவறு நடக்கும்?

முதல் 48 மணி நேரம் திரவம் ஏற்றி ரத்த ஓட்டத்தை நிலைநிறுத்தும் கட்டம். தோலுக்கடியில் நீர் கோத்திருக்கும்போது அங்கே போட்ட ஊசி எப்போது, எவ்வளவு உறிஞ்சப்படும் என்று சொல்ல முடியாது. உடம்பு சக்தியை வேகமாக எரிக்கும் கட்டம் தொடங்குவதும் அதற்குப் பிறகே. ஆகவே 3 முதல் 5-ஆம் நாளுக்குள் தொடங்குவது பொருத்தம். வேகாத தோலில், வீக்கம் இல்லாத இடத்தில், தினம் இடம் மாற்றிப் போட வேண்டும்.

அளவில் நேரும் பெரிய தவறு மி.கி.-யையும் யூனிட்டையும் குழப்புவது. வளர்ச்சி ஹார்மோன் 1 மி.கி. என்பது 3 யூனிட். 20 கிலோ குழந்தைக்குக் கிலோவுக்கு 0.2 மி.கி. என்றால் 4 மி.கி., அதாவது 12 யூனிட். '12' என்று மட்டும் எழுதிய சீட்டைப் பார்த்து 12 மி.கி. போட்டால் மூன்று மடங்கு. சீட்டில் இரண்டையும் எழுதி வைப்பதே பாதுகாப்பு. எடையும் அப்படித்தான்: திரவம் ஏறி வீங்கிய பின் எடுத்த எடையை வைக்கக் கூடாது, காயத்துக்கு முந்தைய எடை வேண்டும்.

மருந்தை 2 முதல் 8 டிகிரிக்குள் வைக்க வேண்டும், உறையவிடக் கூடாது. கலக்கும்போது குலுக்காமல் உருட்ட வேண்டும். நுரைத்தால் புரதம் கெடும்.

சாப்பாட்டுக்கும் இதற்கும் தொடர்பு உண்டா?

செங்கல் இல்லாமல் கொத்தனாரை மட்டும் கூட்டி என்ன பயன்? பெரியவர்களுக்குக் கிலோவுக்கு நாளொன்றுக்கு 1.5 முதல் 2 கிராம் புரதம் போகாவிட்டால் ஹார்மோன் வேலை செய்ய எதுவும் இல்லை. 60 கிலோ ஆளுக்கு 90 முதல் 120 கிராம். இட்லியும் கஞ்சியும் அதைத் தராது, மூக்குக் குழாய் வழி ஊட்டம் தேவைப்படும். சோதனையில் இரு குழுவுக்கும் உள்ளே போன புரதத்தைத் தினமும் எழுத வேண்டும். மருத்துவர் எழுதிக் கொடுத்த அளவு வேறு. அறுவைக்காகப் பட்டினி போட்ட நாட்களைக் கழித்து உண்மையில் போன அளவு வேறு.

யாரைச் சேர்க்கக் கூடாது?

கர்ப்பிணிகள், புற்றுநோய் உள்ளவர்கள் இரண்டு மருந்துக்குமே கூடாது. வளர்ச்சி ஹார்மோனுக்கு, கட்டுக்கடங்காத சர்க்கரை நோயாளிகள். ஆக்சாண்ட்ரோலோனுக்கு, கல்லீரல் கெட்டவர்கள், ரத்தத்தில் கால்சியம் ஏறியவர்கள். ரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரின் சாப்பிடுபவருக்கு ஆக்சாண்ட்ரோலோனைக் கொடுத்தால் ரத்தம் உறையாத நிலை எக்கச்சக்கமாகக் கூடும். வளரும் பிள்ளைகளுக்கு எலும்பு முனை முன்கூட்டியே மூடி, உயரம் நின்றுபோகலாம். கல்லீரல் என்சைம்களை வாரம் ஒருமுறை பார்த்து, எந்த அளவைத் தாண்டினால் நிறுத்துவது என்பதை முதல் நோயாளி சேருமுன்பே எழுதிவிட வேண்டும்.

புண்ணின் மேலேயே பூசினால் என்ன?

பூசும் மருந்தில் ஒரு பெரிய வசதி: ஒரே ஆளின் இடது தொடையில் மருந்து, வலது தொடையில் வெறும் களிம்பு. வயது, காயம், ஊட்டம் எல்லாம் இரண்டுக்கும் பொது, ஆகவே குறைந்த ஆள் போதும். உடம்பு முழுவதும் போகும் ஊசிக்கு இப்படிச் செய்ய முடியாது. ஆனால் திறந்த பெரிய புண்ணில் பூசினது ரத்தத்திலும் கலக்கும். இன்சுலின் பூசினால் சர்க்கரையைப் பார்த்தாக வேண்டும். கடைகளில் கிடைக்கும் 'வளர்ச்சிக் காரணி' களிம்புகள் வேறு பொருள். பெயர் ஒலி ஒன்றுபோல் இருப்பதால் வளர்ச்சி ஹார்மோன் என்று எண்ண வேண்டாம்.

வீட்டில் ஒருவருக்குப் புண் ஆறவில்லை. நாமே வாங்கிப் போடலாமா?

கூடாது. உடற்பயிற்சிக் கூடங்களில் கைமாறும் ஊசிகளில் உள்ளே என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. ஆறாத புண்ணுக்குக் கிருமி, புரதக் குறை, சர்க்கரை, ரத்தசோகை, ஒட்ட வேண்டிய இடத்தில் ஒட்டாமல் விட்டது என்று காரணம் வேறாகத்தான் பெரும்பாலும் இருக்கும். சின்னத் தீக்காயத்துக்கோ ஹார்மோன் பேச்சே வேண்டாம். பட்டவுடன் 20 நிமிடம் ஓடும் குழாய்த் தண்ணீரில் காட்டினால் போதிய நன்மை.

சோதனையில் சேரச் சொல்லிக் கையெழுத்துக் கேட்டால் என்ன பார்க்க வேண்டும்?

இந்தியாவில் நடப்பது என்றால் 2019-ஆம் ஆண்டின் புதிய மருந்துகள், மருத்துவப் பரிசோதனைகள் விதிகளுக்கு உட்பட்டது. நெறிமுறைக் குழு ஒப்புதல் தர வேண்டும். முதல் நோயாளி சேருமுன் தேசியப் பதிவேட்டில் பதிந்திருக்க வேண்டும். அந்தப் பதிவு எண்ணைக் கேளுங்கள். இணையத்தில் யாரும் பார்க்கலாம். எதை முதன்மையாக அளக்கிறார்கள் என்று அதில் இருக்கும்.

நோயாளி செயற்கைச் சுவாசத்தில் இருந்தால் சட்டப்படி உரிய உறவினர் கையெழுத்திடலாம். அவருக்கு நினைவு திரும்பியதும் அவரிடமே மறுபடி கேட்க வேண்டும். ஏழு வயதுக்கு மேற்பட்ட பிள்ளை என்றால் பெற்றோர் ஒப்பியது போதாது, பிள்ளையின் சம்மதமும் வேண்டும். தீக்காயப் பிரிவுக்கு வரும் பல பெண்களுக்குக் காயம் எப்படி ஏற்பட்டது என்பதை வீட்டார் முன்னால் சொல்ல முடியாத நிலை உண்டு. அவர்களிடம் வீட்டார் இல்லாமல் தனியாகப் பேசி ஒப்புதல் வாங்குவதே சரி.

கேட்க வேண்டியவை: சேராவிட்டாலும் இதே அறுவை, இதே ஊட்டம் கிடைக்குமா? சர்க்கரை ஏறினால் இரவிலும் பார்க்க ஆள் உண்டா? மருந்தால் தீங்கு வந்தால் சிகிச்சைச் செலவும் இழப்பீடும் யார் பொறுப்பு, அது எழுத்தில் இருக்கிறதா? இடையில் விலகினால் என்ன? சோதனைக்கு வெளியே நின்று இறப்புகளை எண்ணிப் பார்க்கும் தனிக் குழு உண்டா? கடைசிக் கேள்வியை வீட்டார் கேட்பது அரிது. 1999-க்குப் பிறகு அதைக் கேட்காமல் இருக்கக் கூடாது. கையெழுத்திட்ட படிவத்தின் நகல் ஒன்றை அப்போதே வாங்கி வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள்.